மொட்டு உதிரும் ஆர்க்கிட்: மருந்தை மாற்றும் முன் பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. எட்டு டென்ட்ரோபியம், இரண்டு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக இலை இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொட்டுகள் மஞ்சளாகி, விரியும் முன்பே உதிர்கின்றன. விரிந்த பூக்களிலும் ஓரத்தில் பழுப்புக் கோடுகள். வேப்பெண்ணெய்க் கரைசலை ஒரு வாரம் தினமும் காலையில் அடித்தேன். பஞ்சு மறைந்தது, பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது இலைகளில் கருத்த திட்டுகள் வேறு. கடையில் வலுவான மருந்து தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? ஒரு ஃபெலனாப்சிஸில் நடுக்குருத்து ஆடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: மருந்து இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று வேறு வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. பூவில் பழுப்புக் கோடும் மொட்டு உதிர்வதும் பெரும்பாலும் இலைப்பேன் (த்ரிப்ஸ்) வேலை. இலையில் உள்ள கருத்த திட்டுக்குப் பூச்சி காரணமாகத் தெரியவில்லை. காலையில் எண்ணெய் தெளித்தீர்கள், கிழக்கு வெயில் நேராக அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் விழுந்து இலையைச் சுட்டிருக்கலாம். அப்படியென்றால் அந்தத் திட்டு ஆறாது, ஆனால் பரவவும் செய்யாது. பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும் இலையை வெட்ட வேண்டாம், செடிக்கு அது இன்னும் சோறு போடும்.

முதலில் மாவுப்பூச்சி. மருந்துக்கு வலு போதவில்லை என்பதால் அது திரும்ப வரவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் அடித்தீர்கள், படாதது பெருகிவிட்டது. பல வகை மாவுப்பூச்சிகளில் தாய்ப்பூச்சி மெழுகுப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. அந்தப் பஞ்சு தண்ணீரை ஒட்டவிடாது, மேலே தெளித்த கரைசல் உருண்டு விழுந்துவிடும். உள்ளே தப்பிய முட்டைகளிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான் இருக்கும். உங்களுக்குப் பத்து நாளில் திரும்ப வந்ததன் கணக்கு இதுதான். மெழுகு போர்த்தாத இந்தக் குஞ்சுப் பருவம்தான் எந்த மருந்துக்கும் எளிதாக மடியும் பருவம். அதனால் ஏழு நாள் தொடர்ந்து அடிப்பதைவிட, ஏழு நாளுக்கு ஒருமுறையாக நான்கு முறை அடிப்பதில்தான் பலன் இருக்கிறது.

அடுத்தது, ஒளியும் இடம். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகளைச் சுற்றி வெளுத்த காகிதம் மாதிரி காய்ந்த உறை இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தீர்களா? என் அனுபவத்தில் பாதிப்பேர் இதைத் தொடுவதே இல்லை. பூச்சியின் குடியிருப்பே அதற்குள்தான். காய்ந்த உறையை மேலிருந்து கீழாக மெதுவாகக் கிழித்து எடுங்கள். புதுத் தண்டில் இன்னும் பச்சையாக ஒட்டியிருக்கும் உறையை மட்டும் விட்டுவிடுங்கள். உரித்த குப்பையைத் தொட்டியடியில் போடாமல் ஒரு பையில் கட்டி வெளியே எறியுங்கள்.

உறை நீங்கிய பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொரு பூச்சியையும் தொட்டு எடுங்கள். ஆல்கஹால் மெழுகைக் கரைத்துவிடும், பூச்சி அப்போதே பழுப்பாகிச் சாகும். இலை இடுக்கு, இலையின் அடிப்பக்கம், நடு நரம்பின் பள்ளம் என்று ஒன்று விடாமல் பாருங்கள். வேரிலும் இளம் மொட்டிலும் படாமல் செய்யுங்கள். நிழலில் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள். பத்துத் தொட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பொறுமை வேண்டும், ஆனால் எந்தத் தெளிப்பும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் வேப்பெண்ணெய். அதை விட்டுவிடச் சொல்லவில்லை, நல்ல பொருள்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மி.லி. எண்ணெய், அது கரைய 1 அல்லது 2 மி.லி. மென்மையான திரவ சோப்பு. பாத்திரம் துலக்கும் திரவம் இலையின் மெழுகுப் பூச்சையும் சேர்த்து உரிக்கும், அதைத் தவிருங்கள். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். முதல் நாள் ஒரே ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. குஞ்சு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று அளவைக் கூட்டாதீர்கள்.

இரண்டு சுற்று முடிந்தும் பஞ்சு வந்தால் தொட்டிக்குள் பார்க்க வேண்டும். செடியை வெளியே எடுத்தால் வேரிலும் கரித்துண்டுகளிலும் வெள்ளைத் தூள் தெரியும். தேங்காய் மட்டையில் நட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், மக்கிய மட்டை பூச்சிக்குச் சொகுசான இடம். பழைய கலவை முழுவதையும் எறிந்துவிடுங்கள். வேரை ஓடும் தண்ணீரில் அலசி, அழுகிய வேர்களை வெட்டி, புதுக் கரியிலும் செங்கல் துண்டிலும் மாற்றி நடுங்கள். புதுத் தளிர் வேர்விடும் நேரம்தான் தொட்டி மாற்ற உகந்தது, ஆனால் வேரில் பூச்சி இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கத்தியையோ கத்தரியையோ ஒவ்வொரு செடிக்கும் இடையில் தீயில் காட்டுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் கத்தி வழியாகத்தான், அதற்கு மருந்தே கிடையாது.

நீங்கள் எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வேறு தொட்டிக்குத் தூக்கியும் போகும். ஆனால் பூங்காம்பில் மட்டும் எறும்பு ஊர்ந்து, அங்கே தெளிந்த துளிகள் இருந்தால் பதற வேண்டாம். ஆர்க்கிட் பல வகைகள் மொட்டுக் காம்பில் இயல்பாகவே இனிப்பு நீர் சுரக்கும். எறும்பைத் தடுக்க, சமையலறை அலமாரிக் காலுக்கு வைப்பதுபோல் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். சென்னையில் டெங்குக் கொசு அந்தக் கிண்ணத்திலேயே முட்டையிடும், சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, மூன்று நாளைக்கொருமுறை கழுவி மாற்றுங்கள். தொங்கும் தொட்டி என்றால் கம்பியில் வாசலின் தடவினால் போதும்.

அதே பால்கனியில் செம்பருத்தி இருக்கிறதா? குரோட்டன்ஸ்? இருந்தால் மூல ஊற்று அதுவாக இருக்கலாம். ஆர்க்கிட்டைத் துடைத்துவிட்டு செம்பருத்தியை விட்டால் உழைப்பு வீண். அங்கே பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடும் புழு தென்பட்டால் அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம், மாவுப்பூச்சியைத் தின்னும். அதைக் கொன்றுவிடாதீர்கள்.

இலைப்பேனுக்கு வருவோம். இலேசாக விரிந்த ஒரு பூவை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் அல்லது கருப்புக் கீற்றுகள் ஓடினால் உறுதி. ஒன்றும் விழாவிட்டால் மொட்டு உதிர்வதற்கு வேறு காரணம் தேடுங்கள். வேர் காய்வது, மொட்டு வைத்த தொட்டியை இடம் மாற்றுவது, மே மாத அனல் எல்லாமே மொட்டை உதிர்க்கும்.

இலைப்பேன் முட்டையை இதழின் சதைக்குள்ளேயே செருகிவிடுகிறது, கூட்டுப்புழுப் பருவத்தில் பெரும்பாலும் கீழே தொட்டிக் கலவைக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பூவில் மட்டும் அடித்துத் தீராது. மனசு வராது, ஆனாலும் இப்போதுள்ள பூக்களையும் மொட்டுகளையும் காம்போடு வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். அடுத்த பூக்காம்பு வரும்போது செடி சுத்தமாக இருக்கும். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டிகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள், எத்தனை பூச்சி பறக்கிறது என்று அதில் தெரியும். வேப்பெண்ணெயை மூன்று வாரம் முறையாக அடித்தும் அட்டை நிறைந்தால் ஸ்பைனோசாட் 45 எஸ்.சி. என்ற திரவப் பூச்சிமருந்து, லிட்டருக்கு 0.3 மி.லி. போதும். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் அளந்து, அந்தச் சிரிஞ்சை வேறெதற்கும் பயன்படுத்தாமல் தனியே வையுங்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது என்றாலும் ஈரம் காயும்வரை தேனீக்கு விஷம், மாலையில்தான் அடிக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்ப அடித்தால் இலைப்பேன் பழகிவிடும்.

கடைக்காரர் சொன்ன வலுவான மருந்து எது என்று நீங்கள் எழுதவில்லை. டைக்குளோர்வாஸ் என்றால் தொடவே வேண்டாம், 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு இந்தியாவில் தடை. இமிடாகுளோப்ரிட் என்றால், வேர் மாவுப்பூச்சி எதற்கும் அடங்காதபோது மட்டும், லேபிள் அளவில், கையுறை போட்டுக்கொண்டு. பக்கத்துத் தொட்டியில் கறிவேப்பிலையோ புதினாவோ இருந்தால் அதுவும் வேண்டாம். அந்த மருந்து சிலந்திப்பேனைக் கொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோடையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது மாதிரி மாறி, வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்பழுப்புக் கறை படிந்தால் அது சிலந்திப்பேன். அதற்குத் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடிப்பகுதியைக் கழுவுவதே முதல் வைத்தியம். கந்தகத் தூள் அடிக்கச் சொல்வார்கள். எண்ணெய் தெளித்து மூன்று வாரம் ஆகாத இலையில் கந்தகம் பட்டால் மறுபடியும் கருகும்.

கடைசியாக, அந்த ஃபெலனாப்சிஸ். குருத்தை இரண்டு விரலால் இலேசாக இழுங்கள். கையோடு வந்து, அடி கூழாகி நாறினால் அது குருத்தழுகல். தினமும் தெளித்த கரைசல் குருத்துக்குள் தேங்கியிருக்கும். அழுகல் தண்டின் அடிவரை போயிருந்தால் எறிந்துவிடுங்கள். மேலே மட்டும் அழுகி, கீழ் இலைகளும் வேரும் கெட்டியாக இருந்தால் அழுகியதை வழித்தெடுத்து, உலரவிட்டு, லவங்கப்பட்டைத் தூளை வெட்டுக்காயத்தில் மட்டும் தடவி, வேரில் படாமல் பார்த்துக்கொண்டு, மற்ற தொட்டிகளை விட்டுத் தள்ளி நிழலில் வையுங்கள். சில மாதங்களில் அடி இலையின் இடுக்கிலிருந்து பக்கக் கன்று வர வாய்ப்பிருக்கிறது. இன்னொரு ஃபெலனாப்சிஸுக்கு இனி தெளிக்கும்போதெல்லாம், குருத்தில் தங்கிய தண்ணீரை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.