சக்கர நாற்காலியில் படிக்க என்ன இருக்கிறது? – கேள்வி பதில்

(சக்கர நாற்காலிகளை வடிவமைத்தும் பழுதுபார்த்தும் வரும் கொழும்பு இயந்திரப் பொறியியலாளர் ஒருவர் மாணவர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

வெள்ளவத்தை, இரண்டாம் ஆண்டு: அக்கா, உதவித் தொழில்நுட்ப வடிவமைப்பை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை வடிவமைப்பதை, தெரிவுப் பாடமாக எடுக்கலாமா? நண்பர்கள் அதைச் சமூக சேவை என்று கேலி செய்கிறார்கள்.

சேவை செய்கிற எண்ணத்தோடு வருவதானால் எடுக்க வேண்டாம். கணக்குப் போட வருவதானால் வாருங்கள். நாற்காலியும் ஆளுமாக 90 கிலோ என்று வையுங்கள். 1:12 சரிவில் (12 அடிக்கு ஓரடி உயரும் சரிவு) ஏறுவதற்கு, உராய்வை விட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய 73 நியூற்றன் விசை வேண்டும். பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கு 2006 முதல் இங்கே ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஆனால் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் நடந்து பாருங்கள், கடைவாசலில் 1:5 அளவில் சீமெந்தைக் கொட்டிவிட்டுச் சாய்தளம் என்பார்கள். அதில் ஏற 173 நியூற்றன் வேண்டும். அந்த விசை ஒரு மனிதரின் இரண்டு தோள்களிலிருந்து வரவேண்டும்.

பின் சில்லின் அச்சைச் சற்று முன்னே நகர்த்தினால் முன் சில்லில் பாரம் குறையும், தள்ளுவதும் திரும்புவதும் இலகுவாகும். அதே நாற்காலி சரிவில் ஏறும்போது பின்புறமாகக் கவிழப் பார்க்கும். அச்சு எங்கே இருக்கவேண்டும் என்பதற்குப் பாடநூலில் ஒரே விடை கிடையாது. அமர்பவரின் உடல், அவர் போய்வரும் தெரு, அவருடைய துணிச்சல் மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே துளையிட வேண்டும்.

ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளரைத் தேடிப் படியுங்கள். 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவருடைய குழு உருவாக்கிய கரடுமுரடான பாதைக்கான நாற்காலியில் முன் சில்லு அகலம், முன் பின் சில்லுகளுக்கு இடைவெளி அதிகம். நடைபாதைப் பிளவில் சில்லு மாட்டி ஆள் முன்னே தூக்கியெறியப்படாமலிருக்கத்தான் இவ்வளவும். பின் சில்லுக்குச் சைக்கிள் ரயர் போதும், எந்தச் சந்தியிலும் வாங்கலாம். கடற்காற்றில் பெயாரிங் துருப்பிடிக்கிற ஊரில், பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியும் வடிவமைப்பைச் சேர்ந்ததுதான். இதையெல்லாம் ஒரே பருவத்தில் கற்பிக்கிற வேறு பாடம் எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை: மிஸ், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இந்தப் பெயரில் கொழும்பில் பதவிகள் மிகக் குறைவு. பயன்படுத்துபவரை விசாரித்து, அவர் சொன்னதை அளக்கக்கூடிய தேவையாக எழுதத் தெரிந்தவருக்கு மருத்துவக் கருவி, மென்பொருள், கட்டடம் எல்லாவற்றிலும் இடமுண்டு.

தெஹிவளை, ஒரு தாய்: என் மகனுக்கு எந்தச் செவிப்புலன் கருவி வாங்கலாம்?

அம்மா, இது என் துறையில்லை. செவிப்புலன் பரிசோதனை செய்யாமல் கடையில் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

கட்டுபெத்தை, இறுதியாண்டு: சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்கிறோம். விரல் மடிவதை அளக்கும் வளைவு உணரிகளில் எது நல்லது?

உணரிக்குப் பிறகு வருகிறேன். எத்தனை செவிப்புலனற்றோரிடம் கேட்டீர்கள்? 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் இப்படியொரு கையுறைக்குப் பரிசு பெற்றார்கள். செவிப்புலனற்றோரும் மொழியியலாளரும் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் முக்கியமான பகுதி முகத்திலும் உடலசைவிலும் இருக்கிறது. கையுறைக்குப் புருவம் தெரியாது.

அதே மாணவர்: எல்லாவற்றையும் குறை சொன்னால் புதிதாக எதுவும் வராது, மிஸ். தொடக்கம் என்று ஒன்று வேண்டாமா?

இரத்மலானை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மா செவிப்புலனற்றவர். அவர் கையுறை போட்டுப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். எதிரில் இருப்பவர் சொல்கிற பதில் அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்?

கட்டுபெத்தைத் தம்பி, இந்தக் கேள்விக்கு உங்கள் ஆய்வறிக்கையில் பதில் இருக்கிறதா? கேட்கும் திறனுள்ளவரின் சிரமத்தைக் குறைக்கும் கருவியை, கேளாதவரின் கையில் மாட்டச் சொல்கிறீர்கள்.

அதே மாணவர்: பதிலைக் கைபேசித் திரையில் எழுத்தாகக் காட்டலாம்.

காட்டலாம். அப்படியானால் அம்மாவும் அதே திரையில் தட்டச்சு செய்துவிடுவாரே, கையுறை எதற்கு? கோபப்படாதீர்கள். வளைவு உணரியை நீங்கள் நன்றாகக் கையாள்வதாகத்தான் தெரிகிறது. பக்கவாதத்துக்குப் பின் விரல் எவ்வளவு மடங்குகிறது என்று நாளுக்குநாள் அளக்க இயன்மருத்துவருக்கு அது உதவக்கூடும். முதலில் ஒரு இயன்மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள். உணரியை அதற்குப் பிறகு வாங்கலாம்.

மருதானை: கழியொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) உணரி பொருத்திய வெண்பிரம்பு செய்யலாமா?

இதே கேள்வி ஏற்கெனவே இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. தரையிலுள்ள பள்ளத்தைச் சாதாரணப் பிரம்பே கண்டுபிடிக்கும். அதற்குத் தெரியாதது தலைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையும் லொறியின் பின்கதவும். டெல்லி ஐ.ஐ.டி.யினர் 2014இல் வெளியிட்ட பிரம்பு முழங்காலுக்கு மேலுள்ள தடைகளைத்தான் கவனிக்கிறது. அதைவிட என்ன புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, பிரம்போடு நடப்பவரிடம் போய்ப் பேசுங்கள்.

பம்பலப்பிட்டி: கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்த்தால் போதாதா?

போதாது. பார்வை இழந்த முதல் நாளின் பயம்தான் உங்களுக்குக் கிடைக்கும். இருபது வருடம் பிரம்போடு நடந்தவரின் திறமை கிடைக்காது. அந்தப் பயத்தை வைத்து வடிவமைத்தால் தேவையற்ற எச்சரிக்கை ஒலிகளால் அவருடைய காதை அடைத்துவிடுவீர்கள்.

நுகேகொடை: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு ஒரு தலைப்புத் தாருங்கள் மிஸ்.

தலைப்பு என்னிடம் இல்லை, பயன்படுத்துபவரிடம் இருக்கிறது. போய்ப் பேசுங்கள்.

கொள்ளுப்பிட்டி: நாங்களும் தலைப்புத்தான் கேட்க வந்தோம். கணினிப் பிரிவு.

சரி, கணினிப் பிரிவு என்பதால் ஒன்று. திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. இலவசம். அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் இருவருமே விழிப்புலனற்றவர்கள். அதை நிறுவி, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு தமிழ்ச் சுற்றறிக்கையை வாசிக்கவிடுங்கள். கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல்தான், அதையே உளறும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் பழைய ஆவணத்தில் அட்டவணையும் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் மாற்றம் எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். பிசகியதைக் கண்ணால் சரிபார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். கேட்டே படிக்கும் ஒரு மாணவரிடம் கொடுங்கள், எந்தப் பிழை தொந்தரவு, எது பொறுத்துக்கொள்ளக்கூடியது என்று அவர் சொல்லட்டும்.

தலைப்புக் கேட்டு இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருப்பது தெரிகிறது. அவர்களுக்கும் பதில் அதேதான்: போய்ப் பேசுங்கள்.