தாத்தாவின் ஆயில் இன்ஜின் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில், தாத்தா வாங்கிய ஆயில் இன்ஜின் பல ஆண்டுகளாக ஓடாமல் கிடக்கிறது. தகட்டில் 6 எச்.பி., 650 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. டேங்கைக் கழுவிப் புது டீசல் ஊற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றினால் வீல் தாராளமாகச் சுற்றுகிறது. சைலன்ஸரில் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையும் வருகிறது. ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. டீசல் பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலையும் மாற்ற வேண்டும் என்கிறார் மாமா. முழுதாகப் பிரித்து ஓவராயில் செய்துவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பழைய இரும்புக்குப் போடு என்கிறார் அப்பா. நான் பி.காம். படித்தவன், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் கற்றார் என்று படித்திருக்கிறேன். நானும் அப்படிக் கற்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், உசிலம்பட்டி வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கற்கலாம். 650 ஆர்.பி.எம். என்பதைப் பார்த்தால் உங்களுடையது லிஸ்டர் வகை இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் ஊரில் உருவான அந்த அமைப்பை குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அப்படியே வார்த்து நாடெங்கும் அனுப்பின. நிதானமாக ஓடுவது, உறுப்புகள் பெரியவை, பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம், உதிரிபாகங்களும் இன்றும் கிடைக்கின்றன. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல இன்ஜின் அமைவது அரிது.

ஆனால் பிரிப்பதிலிருந்து தொடங்காதீர்கள். இதையே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் முறை இன்ஜினில் கை வைப்பவர் பிரித்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்புகிறார். உண்மையில், காரணத்தைக் காட்டும் அறிகுறிகளில் பாதி பிரித்த அந்த நொடியிலேயே அழிந்துபோகின்றன. பூட்டியிருக்கும் இன்ஜினில்தான் காற்று எங்கே கசிகிறது என்று கேட்க முடியும். பலகையில் பரப்பி வைத்த உறுப்புகள் எதையும் சொல்லமாட்டா.

முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக ஓட்டியபோது இன்ஜின் நன்றாக ஓடியதா? 1990-இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளின் பம்ப்செட்டுக்கும் மின்சாரம் இலவசமானபின், கிணற்றடி ஆயில் இன்ஜின்களுக்கு வேலை இல்லாமல் போனது. எத்தனையோ இன்ஜின்கள் பழுதாகி நிற்கவில்லை, தேவையில்லாததால் நின்றன. நல்ல நிலையில் நின்ற இன்ஜின் என்றால், தேய்மானத்தைத் தேட வேண்டியதில்லை. கிடந்ததால் வந்த துருவையும் பிசினையும் தேடினால் போதும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ஓவராயில் என்பது வீண் செலவு.

அடுத்து அந்த வெள்ளைப் புகை. டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் நசுக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்பது பற்றாமல் ஆவியாகி வெளியேறும் டீசல். ஆகவே பம்ப் டீசலை அனுப்புகிறது. நாசில் பூவாகத் தூவாமல் ஒழுகுகிறதா என்ற ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைக் கழற்றி மதுரையில் டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். பம்பைத் தொடவே வேண்டாம். எனக்கு முதல் சந்தேகம் கம்ப்ரஷன் மீதுதான், அதாவது காற்று கசியாமல் நசுங்குகிறதா என்பதில்தான்.

அதைப் பார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை, ஏர் கிளீனரை மட்டும் கழற்றினால் போதும். டீசல் டேப்பை மூடிவிட்டு, பம்பின் லிவரை நிறுத்தும் நிலையில் கட்டிவையுங்கள். ஹேண்டில் இல்லாமல், வீலின் விளிம்பைப் பிடித்து, ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். டிகம்ப்ரஷன் லிவர் (எளிதாகச் சுற்றுவதற்காக எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிப்பது) இறங்கியிருக்கும்போது ஓரிடத்தில் வீல் முரண்டு பிடித்து, விட்டால் பின்னோக்கித் துள்ள வேண்டும். துள்ளாமல் தளர்ந்து நகர்ந்தால் காற்று எங்கோ போகிறது. ஒருவர் வீலை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மூன்று இடங்களில் காது வைக்க வேண்டும். ஏர் கிளீனரைக் கழற்றிய வாயில் ‘உஸ்’ என்று கேட்டால் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு கசிகிறது. சைலன்ஸர் குழாயில் கேட்டால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இறுகியோ தேய்ந்தோ போயிருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், ஏனெனில் அந்த ஒலி மிக மெல்லியது.

வால்வுதான் என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றாதீர்கள். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்து நிற்கும்போது, வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கர்களுக்கும் வால்வுத் தண்டுகளுக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியே இல்லையென்றாலும், டிகம்ப்ரஷன் லிவர் முழுதாக இறங்காமல் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடித்திருந்தாலும், வால்வு எவ்வளவு நல்லதாயினும் மூடாது. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். அளவு கையேட்டில் இருக்கும். ஊர்க் கணக்கில் ‘ஒரு போஸ்ட்கார்டு கனம்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

இடைவெளி சரியாக இருந்தும் காற்று போனால், வால்வு கிரைண்டிங்தான் (வால்வைத் தேய்த்துப் பொருந்தவைப்பது) உங்கள் முதல் வேலை. அது நல்ல வாய்ப்பு என்றே சொல்வேன். ஹெட்டைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் போனில் படம் எடுங்கள். ராக்கரைத் தள்ளும் கம்பிகளில் எது எந்தப் பக்கத்தது என்று குறித்துவையுங்கள். வால்வு ஸ்பிரிங்கின் லாக் தெறித்து ஓடும், ஆகவே துணியைப் போர்த்திக் கழற்றுங்கள். கிரைண்டிங் பேஸ்ட்டை வால்வின் சரிவில் மெல்லத் தடவி, அது உட்காரும் சீட்டில் வைத்து, இப்படியும் அப்படியுமாக அரைச்சுற்று திருப்பி, அவ்வப்போது தூக்கிக் கால்சுற்று மாற்றி வைத்துத் தொடருங்கள். முதலில் கரகரவென்று பிடிக்கும் கை, பேஸ்ட் நொறுங்க நொறுங்க வழுவழுப்பாக உணரத் தொடங்கும். துடைத்துப் பார்த்தால் சரிவைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி தங்கிவிட்டாலும் வேலை முடியவில்லை. முடிந்ததும் பேஸ்ட்டின் துகள் ஒன்றுகூட இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மிஞ்சிய துகள் சிலிண்டரைத் தின்றுவிடும். ஸ்பிரிங்கைப் பூட்டி, வால்வுக்குப் பின்னால் உள்ள வழியான போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, கால் மணி நேரம் வையுங்கள். சீட்டின் ஓரம் ஈரமாகாவிட்டால் வால்வு மூடுகிறது என்று பொருள். சீட்டில் குழி ஆழமாக இருந்தால் மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் சீட்டைக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஹெட் கையில் இருக்கும்போதே தண்ணீர் ஓடும் வழிகளையும் பாருங்கள். நம் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது; அந்தப் படிவு வழியை அடைத்திருந்தால், ஓடத் தொடங்கிய இன்ஜின் சூடேறி மீண்டும் நின்றுவிடும். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் புதிதாகவே போடுங்கள். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, மூன்று நான்கு தவணையில் இறுக்குங்கள். பூட்டியபின் வீலைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு அதுதான் ஒரு முழு வட்டம். எங்கும் இடிக்கவில்லையென்றால் மட்டும் டீசலைத் திறங்கள்.

இனிச் சொல்வதில் எதையும் தள்ளிவிடாதீர்கள். வேட்டியும் துண்டும் கட்டிக்கொண்டு வீலருகே போகக்கூடாது. வீலின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும், வீலைத் தண்டோடு பூட்டும் சாவியில் துணி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். பின்னோக்கி உதைத்தால் கை தப்பும். நாசிலை வெளியே வைத்து டீசல் தூவிப் பார்க்கும்போது அதன் முன் விரலை நீட்டக்கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சைலன்ஸர் குழாய் ரூமுக்கு வெளியே இருக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இறுகியிருந்தால் இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும்; டீசலை நிறுத்தியும் அடங்காவிட்டால் காற்று வாயை மூட, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தட்டைப் பலகை வைத்திருங்கள். கையால் மூட முயலக்கூடாது.

ஜி.டி. நாயுடுவை நினைத்துக்கொண்டது நல்லதே. ஆனால் தனியாகச் செய்தால்தான் கற்றதாகும் என்று எண்ண வேண்டாம். ஆயில் இன்ஜின் வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் அண்ணே என்று போய் நின்று, ஹெட்டைக் கழற்றும் அன்றும் முதன்முறை ஓட்டும் அன்றும் பக்கத்தில் உட்காரக் கேளுங்கள். ஸ்பேனர் உங்கள் கையில் இருக்கட்டும், அவருக்கு முழுநாள் கூலி கொடுத்துவிடுங்கள். பம்ப் டைமிங், கிராங்க் பேரிங் ஆகியவற்றை இந்த முறை நீங்கள் தொட வேண்டாம். காற்று ஆயில் வாயில் போவதாகக் கேட்டால் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டிவரும். அதற்கு வேறு முன்னேற்பாடுகள் வேண்டும்.

வீலை அழுத்திப் பிடித்தபோது மூன்று இடங்களில் எங்கே ஒலி கேட்டது என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள். ரிங் என்றால் அதைப் பற்றித் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.