தம்பியை மருந்து ஆய்வில் சேர்ப்பதற்கு முன்

அக்கா, பெங்களூரில் கொக்கைன் பழகி ஏற்காட்டுக்குத் திரும்பிவந்த தம்பியைப் புது மாத்திரை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

கொக்கைனை விடவைக்க என்று அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. மாத்திரை சாப்பிடும் நாளிலேயே மனம் தடுமாறி மறுபடி எடுத்துவிட்டால் இதயம் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம்கூட ரத்தத்தில் கொக்கைன் அளவை ஏற்றிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் முதல்கட்ட ஆய்வுகளில், ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களை மருத்துவமனையிலேயே வைத்து, நெஞ்சில் இசிஜி ஒட்டி, கையில் பிபி பட்டையைச் சுற்றி, புது மருந்து கொடுத்து, அளந்த கொக்கைனை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

முதலில் அந்த ஆய்வின் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள், தரத் தயங்கினால் சேலம் பஸ் ஏறி வந்துவிடுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் இந்தியாவின் 2019 மருத்துவ ஆய்வு விதிகளில் உண்டு. அப்புறம், தம்பியே படித்துக் கையெழுத்துப் போடட்டும், நடுவில் விலகவும் அவனுக்கு உரிமை உண்டு. இன்றைக்கே போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு ஒரு போன் போடுங்கள்.