மாதவிலக்குக் கோளாறுக்குக் கல்யாணம் மருந்தாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது நடக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிறாள். பதிமூன்றரை வயதில் வயதுக்கு வந்தாள். இன்னமும் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. நாற்பது நாளுக்கு ஒருமுறை, சில சமயம் ஐம்பது நாள்கூட ஆகிவிடுகிறது. வந்தால் முதல் நாள் வயிற்றுவலியில் சுருண்டு படுத்துவிடுவாள், பள்ளிக்கு லீவுதான். பள்ளியில் நடந்த முகாமில் ரத்தம் 9.2 என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மாமியார், "கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் தானா சரியாயிடும்" என்கிறார். அவருக்கு 62 வயது. பதினாலு வயதில் கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்றவர். நாத்தனார் மகனுக்கு 26 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தை மாதத்தில் முடித்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. என் கணவர் எதற்கும் பிடிகொடுக்காமல் இருக்கிறார். மாமியார் சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியா டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: சரியில்லை. மருத்துவத்தில் கல்யாணம் என்றொரு மருந்து எந்த நோய்க்கும் கிடையாது. இத்தனை வருடத்தில் நான் ஒரு சீட்டில்கூட அதை எழுதியதில்லை.

ஆனால் உங்கள் மாமியார் இதை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளைகள் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும். எல்லா மாதமும் முட்டை வெளியாகாது. அந்த வயதில் 21 நாள் முதல் 45 நாள் வரை எப்போது வந்தாலும் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. வருடம் போகப்போக அது தானாகவே ஒரு கணக்குக்கு வரும். அந்தக் காலத்தில் அதே வருடங்களில்தான் கல்யாணமும் நடந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழம் பழுத்திருந்தது, காக்கைக்குப் பெயர் போயிற்று.

உங்கள் மகளுக்கு வயதுக்கு வந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது. ஐம்பது நாள் என்பது கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. அதனால் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. தைராய்டு பார்ப்பார்கள். முகத்தில் முடி, அதிகப் பரு, திடீர் எடை என்று ஏதாவது இருந்தால் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்று மாதம் வராமலே போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்துபோனாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

வயிற்றுவலிக்கு வருவோம். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இருந்தால் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. கருப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குவதால் வருகிற வலி அது. அதைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு விழுங்கினால் அவ்வளவாகக் கேட்காது. ஆரம்பிக்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். எது, எவ்வளவு என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். வெந்நீர்ப் பை ஒத்தடமும் நன்றாகவே உதவும். மாத்திரை போட்டும் மூன்று நான்கு மாதமாக வலி அப்படியே இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கல்யாணமாகாத பெண்ணை மகளிர் டாக்டரிடம் கூட்டிப் போனால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று பல அம்மாக்கள் தயங்குவார்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பெண்களுக்கு உள்பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்துவிடுவார்கள்.

கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்த 9.2தான். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 9.2 என்பது நடுத்தர ரத்தசோகை. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஊரெல்லாம் இருப்பதால் இது நமக்கு நோயாகவே தெரிவதில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாளா, அரிசி, சாம்பல், சாக்பீஸ் தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் வாரம் ஒரு நீலநிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அவள் விழுங்குகிறாளா, பையிலேயே கொண்டுவந்து குப்பையில் போடுகிறாளா? பாதிப் பிள்ளைகள் இரண்டாவது ரகம். குமட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று பயம். கருப்பாகப் போவது இயல்புதான், அதனால் கெடுதல் இல்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஆனால் 9.2-க்கு வாரம் ஒரு மாத்திரை போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் தினமும் போடுவதற்குத் தருவார்கள். பெரும்பாலும் மூன்று மாதம் போட வேண்டியிருக்கும், நடுவில் ரத்தம் பார்ப்பார்கள். பூச்சி மாத்திரையும் கேளுங்கள். மாத்திரை போடும் நேரத்தை ஒட்டி டீ, காபி வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லவைதான், தர்மபுரிக்காரர்களுக்கு நான் கேழ்வரகைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 9.2-ஐக் கீரையால் மட்டும் 12-க்கு ஏற்ற முடியாது. மூன்று மாதத்தில் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

இப்போது தை மாதத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆனால் "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஊர் ஒரு வருடம்கூடப் பொறுக்காது. கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடும். கூடுவதில் நீர்தான் அதிகம் என்பதால் ஹீமோகுளோபின் இன்னும் இறங்கும். 9.2-இல் ஆரம்பிக்கும் பெண் ஏழாம் மாதத்தில் எங்கே நிற்பாள்? பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தை, திடமான பெண் ஓரிரு நாளில் சமாளித்துவிடுவாள். இவளால் முடியாது.

நம் ஊரில் சடங்கு செய்து "பெரிய மனுஷி ஆயிட்டா" என்கிறோம். மஞ்சள் தண்ணி ஊற்றிய அன்றைக்கு அவள் எலும்புகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. வயதுக்கு வந்த பிறகும் ஒரு பெண் சில அங்குலம் வளர்கிறாள். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு கொஞ்ச காலம் விரிந்துகொண்டிருக்கும். அது முடிவதற்குள் பிரசவம் வந்தால் தலை இறங்காமல் நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. வளரும் பெண்ணும் வயிற்றுக்குள் வளரும் குழந்தையும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுவார்கள். பெரும்பாலும் இருவருமே தோற்பார்கள். குறைமாதம், எடைகுறைந்த குழந்தை, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி வருகிற ஜன்னி, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமித் தொற்று, எல்லாமே இருபதுகளில் இருக்கும் பெண்களைவிட இந்த வயதினருக்கு அதிகம். சொந்தத்தில் கல்யாணம் என்பதால் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பும் அந்நியத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அது எந்த வயதில் கட்டினாலும் உள்ளதுதான்.

மாமியார் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார். வெளி நோயாளிப் பிரிவில் பாட்டிமார்களிடம் "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள். "எத்தனை பிரசவம்?" என்று கேட்டால் பல சமயம் வேறு எண் வரும். அப்புறம் ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் அது 13. ஒருநாள் சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்த பிறகு, வாதம் செய்வதற்காக இல்லாமல், அவருடைய முதல் பிரசவத்தைப் பற்றிக் கேளுங்கள். அடி இறங்கி, அதாவது கருப்பை கீழே சரிந்து, சொல்ல வெட்கப்பட்டு, இருபது வருடம் துணியை அடைத்துக்கொண்டே காலம் தள்ளிய பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாருக்கு அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம், சந்தோஷம். ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள்தானே வந்து கதை சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்லலாம். 1890-ஐ ஒட்டி வங்காளத்தில் பூல்மணி என்ற பத்து பதினோரு வயதுப் பெண் கணவனால் உடலுறவின்போது காயப்பட்டு இறந்துபோனாள். அதன் பிறகு 1891-இல்தான் உறவுக்குச் சம்மத வயது 10-இலிருந்து 12 ஆயிற்று. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் சென்னையில் இதற்காகக் குரல் கொடுத்தார்கள். 1949-இல் 15, 1978-இல் 18. உங்கள் மாமியாரின் வயதைக் கணக்குப் போட்டால், பதினாலில் நடந்த அவர் கல்யாணமே அன்றைய சட்டப்படி தவறுதான். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பாவம்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் உங்கள் நாத்தனாரின் காதில் இதைப் போட்டுவையுங்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 நிரம்பாத பெண்ணைக் கட்டுபவருக்கும், செய்து வைப்பவருக்கும், தடுக்காமல் உடந்தையாக இருக்கும் பெற்றோருக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். (பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு.) அதைவிடப் பெரியது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். மனைவியாகவே இருந்தாலும் 18-க்குக் கீழ் உறவு கொண்டால் அது பாலியல் வன்முறைதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தாண்டுக்குக் குறையாத சிறை. கர்ப்பமாகி மருத்துவமனைக்கு வந்தால் போலீசுக்குத் தகவல் தரவேண்டியது டாக்டரின் சட்டக் கடமை. நானே பார்த்தாலும் எனக்கு வேறு வழியில்லை. இந்தப் பயத்தில்தான் சில குடும்பங்கள் கர்ப்பத்தை மறைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் பதியாமல், ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் வைத்திருந்து கடைசியில் வலியோடு தூக்கி வருகிறார்கள். அது எல்லாவற்றையும்விட ஆபத்து. வழக்கு வரும் என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சை தர மறுக்கக் கூடாது.

"சரி, இப்போ நிச்சயம் மட்டும் பண்ணிக்குவோம், பதினெட்டு முடிஞ்சதும் கல்யாணம்" என்று நடுவில் ஒரு சமாதானம் வரும். நீங்கள் அதற்குத் தலையாட்ட வேண்டாம் என்பேன். நிச்சயமான பெண்ணைப் பிளஸ் டூவுக்கு மேல் படிக்கவைக்க ஒருத்தருக்கும் மனம் வராது. மாப்பிள்ளை உங்கள் வீட்டுக்குப் போக வர ஆரம்பிப்பார். பிறகு ஏதோ ஒரு கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறிவிடும்.

உங்களால் வீட்டில் பேச முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மகளேகூடப் பேசலாம். மாவட்ட சமூகநல அலுவலர்தான் இதற்குப் பொறுப்பான அதிகாரி. அவர்கள் உடனே கைவிலங்கோடு வந்துவிட மாட்டார்கள். முதலில் வந்து பேசுவார்கள், எழுதி வாங்குவார்கள். அதற்கும் மீறினால் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம். தடையை மீறி நடக்கும் கல்யாணம் செல்லாது. பல வீடுகளில் "ஆபீசர் வந்து சொல்லிட்டாங்க, நாங்க என்ன பண்றது" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்ததே அப்பாக்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. பிடிகொடுக்காமல் இருக்கும் உங்கள் கணவர் அந்த ரகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்கா தங்கையிடம் "முடியாது" என்று சொல்ல நம் ஆண்களுக்குத் தைரியம் வருவது கஷ்டம். அவரிடம் 9.2 என்ற அந்தச் சீட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள். செலவுதான் யோசனை என்றால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே வரும்படி 2022-இல் ஏற்பாடு செய்தார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமியார் சொன்னது இருக்கிறது, நாத்தனார் மகனின் சம்பாத்தியம் இருக்கிறது, கணவரின் மௌனம் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். முகாமில் கொடுத்த சீட்டையும், கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளை எழுதி அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டாக்டர் அவளோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால், தயங்காமல் வெளியே பெஞ்சில் வந்து உட்காருங்கள்.