டயாலிசிஸும் தடுமாறும் நினைவும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பினாங்கில் டயாலிசிஸ் தாதியாக வேலை செய்கிறேன். குடும்பங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

செந்தூல்: அப்பாவுக்கு 66 வயது. "தண்ணீரைக் குறைங்க" என்று மிஸி (தாதி) சொன்னால் தலையாட்டுகிறார், வீட்டுக்கு வந்ததும் பழையபடி குடிக்கிறார். கேட்டால், "யாரும் சொல்லலையே" என்கிறார். ரயில்வே பட்டறையில் வேலை செய்த கதை மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. இது பிடிவாதமா அக்கா?

பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள் தங்கச்சி. டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பழைய நினைவு பெரும்பாலும் தங்கிவிடும். திட்டமிடுவதும் ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிப்பதும்தான் முதலில் அடிவாங்கும். சிறுநீரகத்தைக் கெடுத்த நீரிழிவும் ரத்த அழுத்தமும் மூளையின் மெல்லிய நாளங்களையும் விட்டுவைப்பதில்லை.

2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 55 வயதைத் தாண்டிய டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்தார்கள். 37 விழுக்காட்டினருக்கு நினைவிலும் சிந்தனையிலும் கடுமையான பாதிப்பு. மருத்துவக் கோப்பில் அப்படிப் பதிவாகியிருந்ததோ 3 விழுக்காட்டினருக்கும் குறைவு. வீட்டில் திட்டு வாங்கும் எத்தனை பேர் இந்தக் கணக்கில் இருப்பார்களோ!

இன்னொன்று. மெஷினில் படுத்திருக்கும்போதுதான் சிந்தனை ரொம்ப மந்தமாக இருக்கும். பல மையங்களில் அந்த நேரம் பார்த்துத்தான் உணவுக் கட்டுப்பாட்டையும் மருந்து மாற்றத்தையும் விளக்குகிறார்கள். இது மாற வேண்டும். நீங்கள் முக்கியமானதை மறுநாள், பசியாறிய பிறகு சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "நான் என்ன சொன்னேன், சொல்லுங்கப்பா" என்று கேளுங்கள். அன்றைக்கு உண்டான தண்ணீரைக் காலையிலேயே போத்தலில் அளந்து வைத்துவிடுங்கள். கணக்கு வைக்கும் பாரம் அவருக்கு வேண்டாம்.

பட்டர்வொர்த்: கணவருக்கு மெஷினில் பிரஷர் இறங்குகிறது. மூளையைப் பாதிக்குமா?

பாதிக்கும். பிரஷர் விழாவிட்டாலும் டயாலிசிஸின்போது மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 10 விழுக்காடு குறைவதை அளந்திருக்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் எடை அதிகம் ஏறாவிட்டால், நீரை வேகமாக இழுக்க வேண்டியிருக்காது. மெஷின் திரவத்தின் சூட்டைச் சற்றுக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடல் சூட்டைவிட அரை டிகிரி குறைத்து ஓட்டிய ஆய்வில் மூளைச் சேதம் கட்டுப்பட்டது. குளிரும், போர்வை கொண்டு போங்கள்.

பாயான் லெப்பாஸ்: அம்மா நேற்று பெலிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) சாப்பிட்டார். விக்கல் நிற்கவில்லை, பேச்சும் குழம்புகிறது.

உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், பழம் சாப்பிட்டதையும் சொல்லுங்கள். அதிலுள்ள நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சாறும் கூடாது.

மற்றவர்களும் கவனியுங்கள்: திடீரென்று வரும் குழப்பத்தை வயோதிக மறதி என்று விட்டுவிடாதீர்கள். தலையில் அடி, ரத்தத்தில் சீனி இறங்குவது, கிருமித் தொற்று, காபாபென்டின் (நரம்பு வலிக்கு), பாக்லோபென் (தசை இறுக்கத்துக்கு) போன்ற மருந்து உடலில் தேங்குவது என எதுவாகவும் இருக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ்: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் சரியாகுமா?

பலருக்குத் தெளிவு கூடுகிறது. நாளங்களில் ஏற்கெனவே ஏற்பட்ட சேதம் முழுதாக மறையாது. பொருத்துவதா, டயாலிசிஸையே தொடர்வதா என்று நோயாளி என்ன நினைக்கிறார் என்பதை, தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இப்போதே கேட்டு வையுங்கள்.