வாசகர் கேள்வி – பதில்: நினைவில் வைக்க வேண்டியவையும் வாசிக்க வேண்டியவையும்

சென்ற இதழில், கட்டாயம் வாசிக்க வேண்டிய நாவல்கள் எவை என்று கிண்ணியா வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு நான் கொடுத்த பட்டியலில் பத்து நாவல்கள் இருந்தன: ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', தி. ஜானகிராமனின் 'மோகமுள்', சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', கே. டானியலின் 'பஞ்சமர்', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை', பூமணியின் 'பிறகு', சயந்தனின் 'ஆதிரை'. அதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலை மறுத்தே எழுதப்பட்டிருந்தன. இவ்வளவு பேர் நாவலுக்காகப் பேனா எடுத்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆதலால் இம்முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை எழுதியவர் நமது ஊரவர். இங்கிருந்து எழுதும் நீங்களே அதை விட்டுவிட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்?
– வாசகர் ஒருவர், திருகோணமலை நகர்

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் நமது ஊருக்கு இருக்கும் பங்கு சிறியதன்று. இங்கு வாழ்ந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வெளிவந்தது. திருகோணமலையில் பிறந்து சென்னையில் நூலகப் பணியில் இருந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, பெண்களின் விடுதலையைப் பாடுபொருளாகக் கொண்டு 'தத்தைவிடு தூது' எழுதியவரும் அவரே. இவ்வளவும் இருந்தும், விமர்சகர் க.நா.சு. 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்று தனி நூலே எழுதியபோது அதில் 'மோகனாங்கி'க்கு இடம் கிடைக்கவில்லை. கடலுக்கு இப்பால் அச்சான அல்லது இப்பால் பிறந்தவர் எழுதிய நூல்கள் அப்பால் தயாராகும் பட்டியல்களில் விடுபடுவது நமக்குப் பழகிப்போன வலி.

ஆனால் அந்த வலிக்கு மருந்தாக ஒரு நாவலை வாசகரின் கையில் திணிக்க என்னால் முடியாது. உங்கள் கடிதம் கிடைத்த பிறகு 'மோகனாங்கி'யையும் 'கமலாம்பாள் சரித்திர'த்தையும் அருகருகே வைத்து மறுபடியும் வாசித்தேன். இரண்டும் ஒரே காலத்தவை. பின்னது 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. நாயக்கர் காலத்துத் தஞ்சையையும் மதுரையையும் களமாகக் கொண்ட 'மோகனாங்கி'யில் ஆசிரியரின் கல்வியும் துணிவும் தெரிகின்றன. ஆயினும், பாத்திரங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் அவர்களின் குரலுக்கு முன்னே புலவரின் குரல்தான் எனக்குக் கேட்டது. இருபத்தாறு வயதிலேயே மறைந்துவிட்ட ராஜமய்யரோ, ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் இடத்துக்கு 'வம்பர் மகாசபை' என்று பெயர் வைக்கிறார். நாலு வரி போவதற்குள் அந்தப் பெண்கள் ஒவ்வொருவரையும் நாம் குரலால் இனங்கண்டுகொள்கிறோம். அந்த நாவலின் பிற்பகுதி வேதாந்தத்துக்குள் போய் இளைத்துவிடுகிறது என்பதையும் மறைக்க மாட்டேன். இருந்தாலும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற அந்தத் தமிழ் வாத்தியார் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் முன்னால் நடந்து வருகிறார். அந்த உயிர்தான் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. பழமையால் அதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

நினைவில் வைக்க வேண்டிய நூல் ஒன்று, வாசிக்க வேண்டிய நூல் இன்னொன்று. சில வேளைகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். எப்போதும் அப்படி ஆவதில்லை. 'மோகனாங்கி' நமது பாடநூல்களிலும், இலக்கிய வரலாற்று நூல்களிலும், இந்த நகரத்துப் பிள்ளைகளின் பொது அறிவிலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்காக எந்த மேடையிலும் உங்களோடு சேர்ந்து பேசுவேன். இந்தப் பத்தில் மட்டும் அதைச் சேர்க்க மாட்டேன்.

வ.அ. இராசரத்தினம் மூதூரின் மூச்சு. அவருடைய 'துறைக்காரன்' எங்கே?
– மூதூர் வாசகர்

அவரை நான் விடவில்லை. நாவல்களின் பட்டியல்தான் அவரை முழுமையாகப் பிடிக்கவில்லை. அவருடைய மேதைமை சிறுகதையில் இருக்கிறது. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் கதையான 'தோணி'யை என் பதினாறாவது வயதில் வாசித்தேன். அன்று மாலை கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணிகளைக் கடந்து வீட்டுக்குப் போக எனக்கு நெடுநேரம் எடுத்தது. ஈழத்துச் சிறுகதைகளுக்கு ஒரு பட்டியல் கேட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே 'தோணி' இருக்கும். அந்தச் சிறுகதையின் புகழைக் கடனாக வாங்கி நாவலுக்குக் கொடுப்பது அவருக்கே மரியாதை ஆகாது என்று கருதுகிறேன்.

'பொன்னியின் செல்வன்' இல்லாத பட்டியலும் ஒரு பட்டியலா?
– உயர்தர மாணவர், தம்பலகாமம்

தம்பி, நீங்கள் அதை ஏற்கெனவே வாசித்துவிட்டீர்கள், அல்லவா? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த ஐந்து பாகங்களும் தமிழ் வாசிக்கும் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்கியிருக்கின்றன. அந்தக் கடன் எனக்கும் உண்டு. வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழத்துக்கு வரும் இரண்டாம் பாகத்தை வாசித்தபோது, அவன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்றே நம்பியிருந்தேன். ஆனால் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்த பிறகு இரண்டாம் முறை வாசிக்கையில், முதல் முறை காணாத எதையும் நான் அதில் காணவில்லை. 'மோகமுள்'ளை இருபது வயதில் வாசித்தபோது அது பாபுவின் கதையாக இருந்தது. ஐம்பதில் வாசித்தபோது யமுனாவின் கதையாக மாறியிருந்தது. என் அளவுகோல் இதுதான். நீங்கள் இதை ஏற்க வேண்டியதில்லை. முப்பது வயதில் இரண்டையும் மறுபடி வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

'பஞ்சமர்' பிரசாரம், அதில் கலை எங்கே இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

ஐயா, அதன் கட்டமைப்பில் தொய்வு உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் மேடையில் பேசுவதைப் போலப் பேசுகின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் 1972இல் அந்த நூல் வெளிவந்தபோது, தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மனிதர் மனிதரைத் தள்ளி நிறுத்திய யாழ்ப்பாணத்தை, தள்ளி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரே எழுதினார். அந்த மனிதர்களின் பேச்சில் உள்ள வசையும் நக்கலும் பாசமும் வேறு எவராலும் அப்படி எழுதப்பட்டிருக்க முடியாது. வழவழப்பு மட்டுமே கலை என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

பத்து நாவல்களில் ஒன்றுகூடப் பெண் எழுதியதில்லை. முஸ்லிம் வாழ்வும் இல்லை. இது தற்செயலா?
– வாசகி ஒருவர், நிலாவெளி

தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. பட்டியலை அனுப்பும் முன் இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு தடவையும் இது என் கண்ணில் படவில்லை. 'நாகம்மா'ளும் யமுனாவும் இருக்கிறார்களே என்று முதலில் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டேன். சொத்தில் பங்கு கேட்கும் இளம் விதவையான நாகம்மாள் மறக்க முடியாதவள்தான். ஆனாலும் அவளை நாம் ஓர் ஆண் பார்த்தபடியே பார்க்கிறோம். பெண்ணைப் பற்றி எழுதுவது வேறு, பெண் எழுதுவது வேறு.

நமது நாட்டிலேயே மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்துவிட்டது. நமது ஊரின் ந. பாலேஸ்வரி எழுதிய 'பூஜைக்கு வந்த மலர்' வீரகேசரி வெளியீடாக வந்து பல வீடுகளில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. என் அக்காவின் பிரதியில் அட்டை போய், பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டு, உள்ளே வாங்கிச் சென்றவர்களின் பெயர்களைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் அனைத்தும் பெண்களுடையவை. அவற்றைப் பார்த்து வளர்ந்த நான் இந்தப் பட்டியலை இப்படித் தயாரித்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இருந்தாலும், மேலே நகரத்து வாசகருக்குச் சொன்ன அளவுகோலை இங்கே மாற்ற முடியாது. முதலாவதாக எழுதியவர் என்பதற்காகவோ ஊரவர் என்பதற்காகவோ சேர்ப்பதில்லை. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டே நான் முன்வைப்பது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004இல் வெளிவந்த இந்த நாவல் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முஸ்லிம் வீடுகளுக்குள் நிகழ்கிறது. அங்கே ராபியா என்ற சிறுமி, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்கிறாள். திண்ணைக்கு அப்பால் ஆண்களின் ஊர் இருக்கிறது. அடுப்படிக்கும் கொல்லைக்கும் இடையே வேறோர் ஊர் இருக்கிறது. அந்த இரண்டாவது ஊரின் சிரிப்பையும் பொறாமையையும் ஆசையையும் அச்சத்தையும் இத்தனை நெருக்கத்தில் காட்டிய நாவலை நான் வேறு அறியேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள வாசகிகள் அதில் தமக்குத் தெரிந்த முகங்களைக் காண்பார்கள் என்று நம்புகிறேன். கிண்ணியாவிலிருந்து வந்த கேள்விக்குப் பதில் சொல்லும்போதே இது என் நினைவுக்கு வராமல் போனதற்கு அந்த வாசகரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்படியானால் எதை நீக்குவது என்று கேட்பீர்கள். எதையும் நீக்கவில்லை. பத்து என்று ஓர் எண்ணை வகுத்தது நான்தான். இனி அது பதினொன்று.

நூலகத்தில் தேடினேன், பாதி நூல்கள் இல்லை. இருந்தாலும் இத்தனையையும் வாசிக்க எனக்கு நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– தாதி ஒருவர், திருகோணமலை

'நிலக்கிளி'. 1973இல் வந்த சிறிய நாவல். இரவுக் கடமைகள் இரண்டிற்குள் முடித்துவிடலாம். தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வளர்ந்த பதஞ்சலி என்ற பெண்ணின் கதை. உயரப் பறக்காமல் நிலத்துப் பொந்தில் வாழும் பறவையின் பெயரை ஆசிரியர் ஏன் தலைப்பாக வைத்தார் என்பது உங்களுக்கே புரியும். அச்சுப் பிரதி கிடைக்காவிட்டால், ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் வாசிப்பது கண்ணுக்குக் கடினம் என்றால் இவ்விதழின் முகவரிக்கு எழுதுங்கள். என்னுடைய பிரதியை அனுப்பி வைக்கிறேன். நாற்பத்தேழாம் பக்கத்தின் மூலை கிழிந்திருக்கும், சொற்கள் எதுவும் போகவில்லை.