லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துல கஸ்டரோட குதிரைப்படை எப்போ எங்க இருந்துச்சுன்னு நேர்ல போய் நாமளே கணக்குப் போட முடியுமா?

முடியுங்க. ஆனா கேள்விக்குக் கீழ "ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டுப் போறேன், அன்னைக்கு ஆபீஸருங்க குறிச்சு வச்ச நேரத்தோட ஒப்பிட்டுப் பாக்கப் போறேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பதில் எழுதாம இருக்க முடியல. நானும் அதே நெனப்போடதான் போனேன். அதை மாத்துனது எங்கப்பா.

நீங்க குடும்பத்தோட லீவுக்குப் போறீங்க, கையில ஒரு நாள்தான் இருக்கும்னு வச்சுக்கறேன். நாங்க போனது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜூலை மாசம், டென்வர்ல இருந்து கார்ல. அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. எல்லாரும் யெல்லோஸ்டோன் போலாம்னாங்க, நான்தான் ஒரு நாள் மட்டும் இங்க போய்ட்டுப் போலாம்னு பிடிவாதமா கூட்டிட்டுப் போனேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1876 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, இப்ப மொன்டானா மாநிலமா இருக்கற இடம். கஸ்டர் தலைமையில அமெரிக்க ராணுவத்தோட ஏழாவது குதிரைப்படை, 12 கம்பெனி (படைப்பிரிவு), சுமாரா 600 பேர். லிட்டில் பிக்ஹார்ன் ஆத்தோரம் லகோட்டா, செயன்ங்கற அமெரிக்கப் பழங்குடி மக்களோட பெரிய கிராமம். மதியம் வாக்குல கஸ்டர் படையைப் பிரிச்சாரு, தனக்குக் கீழ இருந்த ஆபீஸருங்கள்ல ரெனோகிட்ட மூணு கம்பெனி, பென்டீன்கிட்ட மூணு, கோவேறு கழுதைங்க மேல ஏத்துன சாமானுக்குக் காவலா ஒன்னு, அவர்கிட்ட அஞ்சு. ரெனோ பள்ளத்தாக்குல போய் அடிச்சு, தாக்குப் பிடிக்க முடியாம ஆத்தைத் தாண்டி மேட்டுக்கு ஓடி வந்தாரு. கஸ்டர் மேட்டு வழியா வடக்கே போனாரு, கடைசி வரைக்கும் அவர் கூட இருந்த சுமார் 210 பேர்ல ஒரு ஆள் திரும்பல. அதனாலதான் யாரு எப்போ எங்க இருந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை.

இப்ப உங்க ஸ்டாப்வாட்ச் விஷயம். படையில நேரத்தைக் குறிச்சுட்டு வந்தவரு வாலஸ்னு ஒரு லெப்டினன்ட். ஆனா அவர் வாட்ச் எந்த ஊர் நேரத்துல ஓடுச்சு? அமெரிக்க ரயில்வேக்காரங்க நேர மண்டலம் கொண்டு வந்ததே 1883 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம். சிகாகோ நேரத்துக்கும் அந்த ஆத்தங்கரையோட சூரிய நேரத்துக்கும் நடுவுல 79 நிமிஷம் வித்தியாசம் வரும். செயின்ட் பால் நேரம்னா 57 நிமிஷம். வாலஸே பின்னாடி நடந்த ராணுவ விசாரணையில, என் வாட்ச் அந்த இடத்து நேரத்துல ஓடுச்சுன்னு நான் எப்பவும் சொல்லலையேன்னுட்டாரு.

இதை நான் படிச்சிருந்தேன், ஆனா மனசுல ஏறினது அங்க போய்தான். கஸ்டர் செத்த மேடான லாஸ்ட் ஸ்டாண்ட் ஹில்லுல வேலிப் பக்கம் நிக்கறோம், போன்ல மணி 12 அடிச்சிருச்சு, அப்பா கீழ பாத்துட்டு "மணி இன்னும் பன்னெண்டு ஆகலடா"ன்னாரு. வேலிக்கம்பி நிழல் காஞ்ச புல்லு மேல இன்னும் நீட்டமா கிடந்துச்சு. அம்மா வண்டியிலயே சாப்பாட்டைப் பிரிச்சாங்க, சாப்ட்டு முடிச்சு வந்து பாத்தா ஒன்னேகாலுக்குதான் அந்த நிழல் இருக்கறதுலயே குட்டையாச்சு. அதாவது நம்ம போன் காட்டுற கோடை நேரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னாடி ஓடுது. தீர்க்கரேகையை வச்சுப் பாத்தா அந்தக் காலத்து சிகாகோ நேரத்துக்கும் இதுக்கும் பத்து நிமிஷம்தான் வித்தியாசம். ஆக வாலஸ் வாட்ச்ல என்ன மணின்னு தேடறதே வீண். அவரவர் வாட்ச் அவரவருக்கு.

எங்கப்பா ஒரு பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் இந்தக் குழப்பத்தையெல்லாம் சொல்லி முடிச்சதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எதிர்ல யாரை எங்க பாத்தாங்கன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?" அவங்க வேலையில அப்படித்தானாம். வத்தலக்குண்டு வண்டி லேட்டா வந்தா டிரைவர் வாட்ச் ஒன்னு சொல்லும், கண்டக்டர் வாட்ச் ஒன்னு சொல்லும், அதெல்லாம் விட்டுட்டு "எதிர் வண்டியை எங்க பாத்த?"ன்னு கேப்பாராம். செம்பட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறது தெரிஞ்சா போதும், ரெண்டு வண்டியோட நேரமும் தானா வந்துரும், எவனும் பொய் சொல்ல முடியாதுன்னாரு.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஜான் கிரேங்கற உடலியல் பேராசிரியர் ஒருத்தர், இந்தப் போரோட நேரக்கணக்கை வரி வரியா போட்டவர், அவர் செஞ்சதும் இதேதான். அந்தக் களத்துல உள்ள பெரிய கிராஸிங், அதாவது எதிரெதிரா வந்தவங்க சந்திச்சது, என்னன்னா, மார்ட்டின்னு ஒரு டிரம்பட் ஊதற ஆள், இத்தாலிக்காரர். "பென்டீன், வா, பெரிய கிராமம், சீக்கிரம், மூட்டைகளைக் கொண்டா"ன்னு கஸ்டரோட துணை அதிகாரி குக் எழுதின சீட்டை வாங்கிட்டு தெற்கே திரும்பி வர்றாரு. அதே வழியில கஸ்டரோட தம்பி பாஸ்டன் பின்னாடி மூட்டைக்காரங்ககிட்ட இருந்து கிளம்பி, பென்டீனையும் தாண்டி, அண்ணனைத் தேடி வடக்கே குதிரையை விரட்டிட்டுப் போறாரு. ரெண்டு பேரும் நேருக்கு நேர் சந்திக்கறாங்க. "ஜெனரல் எங்க?" "அந்த மேட்டுக்குப் பின்னாடி." அவ்ளோதான் பேச்சு. பாஸ்டனோட உடம்பு அண்ணன் செத்த மேட்டுப் பக்கம்தான் கிடைச்சுது. அப்ப அவர் போய்ச் சேர்ந்திருக்காரு, போய்ச் சேர்ற அளவுக்கு வழி திறந்திருந்திருக்கு, அந்த நிமிஷம் வரைக்கும் கஸ்டரைச் சுத்தி வளைக்கல. வாட்சே இல்லாம எவ்ளோ விஷயம் வந்துருச்சு பாருங்க.

இன்னொன்னு, குதிரை நிறம். கம்பெனிக்கு ஒரு நிறமா குதிரை பிரிச்சிருந்தாங்க, E கம்பெனிக்கு வெள்ளைச் சாம்பல். ரெனோவோட சேர்ந்து பள்ளத்தாக்குல சண்டை போட்டுட்டு இருந்த வார்னம்ங்கற ஆபீஸர் அண்ணாந்து பாத்தப்ப மேட்டு மேல அந்தச் சாம்பல் குதிரைங்க போறதைப் பாத்ததா சொல்லியிருக்காரு. அதுவும் ஒரு கிராஸிங்தான், ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ரெனோ மேட்டுல நின்னு கீழ பாத்தீங்கன்னா இதோட அருமை தெரியும், எவ்ளோ கிட்ட இருந்திருக்காங்க.

நாங்க காலைல திறந்ததும் உள்ள போயிட்டோம். மொதல்ல நேரா ரெனோ மேட்டுக்குப் போய் அங்க இருந்து திரும்பி வரச்சொல்லுவேன், எல்லாரும் லாஸ்ட் ஸ்டாண்ட் ஹில்லை பாத்துட்டுத் தெற்கே போறாங்க, அது கதையைக் கடைசியில இருந்து படிக்கற மாதிரி. ரோடு சுமாரா நாலரை மைல். குதிரை நடையில மணிக்கு 4 மைல், துள்ளு ஓட்டத்துல 6ல இருந்து 8. அப்பா மடியில நோட்டு, நான் ஓடோமீட்டர் சொல்லச் சொல்ல எழுதிட்டே வந்தாரு. ஒன்னு மட்டும் கவனிங்க, ரோடு போற வழியும் படை போன வழியும் ஒன்னில்ல. கஸ்டர் மேட்டுக்குப் பின்னாடி பள்ளத்துல இறங்கி மெடிசின் டெயில் ஓடை வழியா போனதாதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க, அந்த நிலத்துல நாம இறங்கக் கூடாது, பாம்பும் உண்டு. அதனால வர்ற நேரத்தைத் தோராயமாதான் எடுத்துக்கணும்.

"தோட்டா ஆராய்ச்சி தெரியாதா"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் வருவாரு. தெரியும். 1983ல புல்லு தீப்பிடிச்சு எரிஞ்சதும் 84, 85ல மெட்டல் டிடெக்டர் வச்சுத் தேடி, தோட்டாக் கூடு மேல சுத்தியல் ஊசி பதிஞ்ச தடத்தை வச்சு ஒரே துப்பாக்கி எங்கெங்க சுட்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க. பிரமாதமான வேலை. ஆனா அது வழியைத்தான் காட்டும், மணியைக் காட்டாது.

"ராணுவத்தைப் புகழ்றியா"ன்னும் கேப்பாங்க. இல்லைங்க. தங்களோட கிராமத்துல பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தவங்க மேலதான் படை பாஞ்சுது. யாருமே பிழைக்கலன்னு எழுதறாங்களே, அதுவே தப்பு, ஜெயிச்ச ஆயிரக்கணக்கான பேர் பிழைச்சு வந்து சொல்லியிருக்காங்க, ரொம்ப காலம் அதைச் சாட்சியா எடுத்துக்கல, அவ்ளோதான். கஸ்டர் படைக்கு வேவு பாத்த க்ரோ பழங்குடி இளைஞன் கர்லி சொன்னதைக் கூட பொய்யின்னு ஒதுக்குனாங்க, கிரே உக்காந்து கணக்குப் போட்டப்பதான் அது பொருந்தி வந்துச்சு. படைவீரங்களுக்கு 1890லயே வெள்ளைக்கல்லு நட்டாச்சு, லேம் வைட் மேன்ங்கற செயன் தலைவர் விழுந்த இடத்துல சிவப்புக் கிரானைட் கல்லு வந்தது 1999லதான். நூத்திச் சொச்சம் வருஷம். அந்தக் கல்லு முன்னாடி அம்மா செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க.

சாயங்காலம் ரூம்ல 1879 சிகாகோ விசாரணையைப் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். ரெனோ தானே கேட்டு வாங்கின விசாரணை, ஒவ்வொரு ஆபீஸரும் ஒரே சம்பவத்துக்கு ஒவ்வொரு மணி சொன்னாங்க. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம்தான் வேலையில தனக்குக் குடுத்த மெமோவைப் பத்திச் சொன்னாரு. எனக்கு அப்ப ஏழு வயசு, வீட்ல ஏதோ நடந்துச்சுன்னு மட்டும் தெரியும். டைம் ஆபீஸ் கடிகாரம் 12 நிமிஷம் ஸ்லோ, செக்கிங் வந்தவர் கைக்கடிகாரத்துல மணி வேற, லேட்டா வந்த வண்டிக்கு சரியான நேரம் போட்டுக் குடுத்தேன்னு குத்தம், ஒரு வருஷ இன்கிரிமென்ட் கட். கடிகாரத்தை மாத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்காரு. அன்னைக்கு எதிர் வண்டி டிரைவரைக் கூப்ட்டு எங்க கிராஸ் ஆச்சுன்னு கேளுங்க, தெரிஞ்சுரும்னு கெஞ்சியிருக்காரு. கேக்கவே இல்ல. ரிட்டயர் ஆனப்பவும் பணத்தை இழுத்தடிச்சுதான் குடுத்தாங்க, அதுக்கு எத்தனை தடவை அந்த ஆபீஸ் படி ஏறுனாருன்னு எனக்குத் தெரியும். கேள்விக்கு இது சம்பந்தமில்ல, தெரியும், ஆனாலும் எழுதணும்னு தோணுச்சு.

அப்பா நோட்டுல அன்னைக்கு எழுதின பக்கம் இப்ப என்கிட்டதான் இருக்கு. டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு, இடது பக்கம் "மார்ட்டின், தெற்கே", வலது பக்கம் "பாஸ்டன், வடக்கே", நடுவுல ஒரு பெருக்கல் குறி. மணி எழுதற கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்காரு. நீங்க போறப்ப அதே மாதிரி ஒரு தாள் போட்டுக்கங்க. தண்ணி நிறைய எடுத்துட்டுப் போங்க, உள்ள மர நிழல் கம்மி.